எட்டாவது மாடிக்கு முன் ஒரு மலை

எங்களுக்கு அரசாங்க அடுக்குமாடி வீடு ஒதுக்கியிருப்பதாகக் கடிதம் வந்தபோது என் கணவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "புக்கிட் பாத்தோக்கா? அங்க குரங்குதான் குடியிருக்கும்" என்றார்.

சிங்கப்பூரில் எண்பதுகளின் தொடக்கம் அது. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு கடைவீட்டின் மாடியில், ஒற்றை அறையில் எட்டு வருடமாக இருந்தோம். எங்களுக்கு நேர் கீழே மாவு மில். சனிக்கிழமை மிளகாய் அரைக்கும் நாள், மற்ற நாட்களில் மல்லி, மஞ்சள், அரிசி. பலகைத் தரையின் இடுக்கு வழியாக எல்லாம் மேலே வரும். அவர் பகலெல்லாம் துறைமுகத்தில் ஸ்டோர் வேலையில் இருப்பார். மில் ஓடும் நேரத்தில் வீட்டில் இருப்பவள் நான்.

கல்யாணமான ஆறாவது மாதம் எனக்கு இருமல் தொடங்கியது. பிறகு இழுப்பு. அதன்பின் கையில் எப்போதும், வாயில் வைத்து மருந்து இழுக்கும் ஒரு பம்ப். புக்கிட் மேராவில் அம்மா வீட்டில் இருந்தவரை எனக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. அதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? மார்சிலிங்கில் மூத்த மகனோடு இருந்த என் மாமியார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "சீக்காளிப் பொண்ண மறைச்சுக் கட்டி வச்சுட்டாங்க" என்பார். என்னைச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் அம்மாவைப் பொய்க்காரி ஆக்கியது வயிற்றெரிச்சலாக இருந்தது.

எங்கள் தேவாலயத்தில் பாடற்குழு மேல்மாடத்தில் நிற்கும். கல்யாணமான புதிதில் நானும் அங்கேதான் நின்றேன். ஒரு ஞாயிறு பூசையில், எல்லோரும் மௌனமாக இருக்க வேண்டிய நேரத்தில் நான் இருமிய இருமலில் கீழே இருந்த அத்தனை தலைகளும் மேலே திரும்பின. "கொஞ்ச நாள் கீழ உக்காருங்களேன்" என்று பாடற்குழுத் தலைவர் பக்குவமாகச் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் ஏழு வருடமாகியிருந்தது.

கடிதத்தோடு ஒரு படிவமும் வந்திருந்தது. வேண்டுமா, வேண்டாமா என்று திங்கட்கிழமைக்குள் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் வரிசையில் மறுபடியும் கடைசிக்குப் போக வேண்டும். இன்னும் எத்தனை வருட மிளகாயோ!

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் போய்ப் பார்த்தோம். புத்தம் புது புளோக், பெயிண்ட் வாசனை. மின்தூக்கி ஆறாவது மாடியில் நிற்கும், அடுத்து பதினொன்றில்தான். எங்கள் வீடு எட்டாவது மாடி. ஆறில் இறங்கி அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஏதோ ஆஸ்பத்திரியில் நடத்திக்கொண்டு போகிறவர்போல இரண்டு மாடி ஏற்றினார். நடைபாதையில் நின்று பார்த்தால் தூரத்தில் புக்கிட் தீமாவின் பச்சை மலை தெரிந்தது.

"பாத்தியா, எல்லாம் காடு. காட்டு ஈரம் உன் நெஞ்சுக்கு ஆகாது. தினமும் ரெண்டு மாடி வேற. வேணாம்லா, எழுதிக் குடுத்துடுவோம்."

"ஆகுமா ஆகாதான்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"அம்மாதான் சொன்னாங்க..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப அந்தக் காட்டுக்கே போயிடுவோம். உச்சி வரைக்கும் ஏறுறேன். இழுப்பு வந்துச்சுன்னா நானே வேணாம்னு சொல்லிடுறேன். வரலைன்னா நீங்க கையெழுத்துப் போடணும்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரே யோசனைதான். மாமியார் சொன்னதே உண்மையாக இருந்துவிட்டால்?

புக்கிட் தீமா இயற்கைக் காட்டின் அடிவாரத்தில் எங்களைப் பார்த்தவர்கள் சிரிக்காமல் இருந்ததே பெரிய விஷயம். நான் பூசைக்குக் கட்டிய பட்டுப் புடவையில் இருந்தேன். அவர் பாலிஷ் போட்ட கறுப்பு சப்பாத்தில். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் காயா ஜாம் தடவிய ரொட்டி, தண்ணீர் போத்தல், என் பம்ப். கடிதமும் படிவமும் அவர் சட்டைப் பையில்.

தார்ச் சாலை செங்குத்தாக ஏறியது. இருபுறமும் மரங்கள் வானத்தை மூடியிருந்தன. சில்வண்டுகளின் சத்தம் காதை அடைத்தது. உள்ளங்கால் வழுக்கியதால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அரைக்கால் சட்டை போட்ட ஒரு சீனப் பெரியவர், கையைத் தட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து ஏறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து மலாயில், "பெலான், பெலான்" என்றார். மெதுவாக ஏறச் சொல்கிறாராம். என் கணவர் பத்தடிக்கு ஒருமுறை திரும்பி, "பம்ப் வேணுமா?" என்றார்.

பாதி வழியில் ஒரு குரங்கு சாலையோரம் வந்து உட்கார்ந்தது. அவர் "சூ" என்று பையை வீசி விரட்டினார். குரங்குக்கு அது கொடுப்பதுபோலத் தெரிந்ததோ என்னவோ, பையைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. ரொட்டி போயிற்று. பம்பும் போயிற்று.

அவர் "ஐயோ, பம்ப்! மருந்துலா அது, குடுத்துடு!" என்று மரத்தைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டு, சப்பாத்தோடு சரிவில் இறங்கினார். வழுக்கி உட்கார்ந்தார். எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். குரங்கு பம்பை எடுத்துக் கடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துக் காட்டுக்குள் எறிந்தது. அந்தச் சுளிப்பு அச்சு அசல் நான் மருந்து இழுக்கும்போது சுளிக்கிற சுளிப்பு.

நான் சிரித்தேன். வாய்விட்டு, வயிறு வலிக்க, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். எதிரே வந்த ஒரு குடும்பம் நின்று வேடிக்கை பார்த்தது. அப்போதும் சிரித்தேன்.

அவர் சேற்றோடு ஓடி வந்தார். "சிரிக்காத, சிரிக்காத, இருமல் வந்துடும். பம்ப் இல்ல. வா, இறங்கிடுவோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு வருடமாக நான் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்திருக்கிறேன். ஒரு நல்ல சிரிப்பு என்றால் பின்னாலேயே இருமல், இருமலுக்குப் பின் இழுப்பு. இங்கே பாதி மலை ஏறி, இவ்வளவு சிரித்தும் ஒன்றும் வரவில்லை. வாயைத் திறந்து மூச்சை ஆழமாக இழுத்தேன். ஈர மண்ணும் இலையும் மணத்தன. மூச்சு தடையில்லாமல் அடிவயிறு வரை போனது.

"என்னங்க," என்றேன், "என் நெஞ்சுல ஒண்ணும் இல்ல. எல்லாம் அந்த மில்லுதான். எங்கம்மா எதையும் மறைக்கல."

பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். சீனப் பெரியவரைத் தாண்டினேன். கடைசி ஏற்றத்தில் திரும்பிப் பார்த்தால் என் கணவர் இடுப்பில் கைவைத்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "பெலான், பெலான்!" என்று மேலிருந்து குரல் கொடுத்தேன். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

உச்சியில் மலையின் உயரத்தைப் பொறித்த ஒரு பாறை இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டு, பாடற்குழுவில் கடைசியாக நான் பாடிய பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பாடினேன். சுருதி சரியாக இருந்ததா என்று கேட்காதீர்கள். மூச்சு சரியாக இருந்தது.

அவர் வந்து சேர்ந்து, பாட்டு முடியும்வரை நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது. "அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று பேனாவைத் திறந்தார். வைத்து எழுத இடமில்லை. பாறை கரடுமுரடு.

"திரும்பி நில்லு" என்றார்.

திரும்பிக் குனிந்தேன். எத்தனையோ நாள் அவர் தைலம் தேய்த்துவிட்ட அதே முதுகில் படிவத்தை விரித்து வைத்தார்.

"இருமிடாத. கையெழுத்து கோணிடும்" என்றார்.

அவர் முழுப் பெயரையும் எழுதி, கீழே கோடும் போட்டு முடிக்கிறவரை அசையாமல் நின்றேன். இருமல் வரவில்லை.