ஷாஜன் பெயருக்குப் பின்னால்

குழித்துறைச் சந்தைக்குப் போகிற வழியில் பதினெட்டு வருஷமாகக் கல்யாண அட்டை அடித்துக் கொடுக்கிறேன். என் பெயர் ராஜபாய். எங்கள் பக்கம் தெருவுக்குப் பத்து இஞ்சினியர்கள். அதில் ஆறு பேர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் அதை யாரும் அட்டையில் போடுவதில்லை. பெயருக்குப் பின்னால் பி.இ. இருந்தால் போதும். பட்டம் இல்லாத மாப்பிள்ளை பெயரை அடிக்கும்போது எனக்கே ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். அப்படிப் பழக்கிவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை நேசபாய் தன் மகன் ஷாஜனின் கல்யாண அட்டைக்கான மேட்டரை எழுதிக்கொண்டு வந்தாள். ஒரே சபைக்காரி, சின்ன வயதிலிருந்தே பழக்கம். தாளை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். 'ஷாஜன், பி.இ.' என்று எழுதியிருந்தது.

ஷாஜனை எனக்குத் தெரியாதா? பிளஸ் டூவில் கணக்கில் தோற்றவன். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தான். என் கடை ஷட்டர் பெயர்ந்தபோது வந்து ஒட்டவைத்துக் கொடுத்தவன் அவன்தான், அப்போது பத்தொன்பது வயது. பிறகு கத்தாருக்குப் போனான். அங்கே ஒரு பரீட்சை உண்டு. குழாயைச் சாய்த்துக் கட்டிவிடுவார்கள், திருப்பக் கூடாது. வெல்டர்தான் வளைந்தும் மல்லாந்தும் சுற்றிவர ஒட்ட வேண்டும். ஒட்டினதை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். மூன்று தடவை தோற்று நாலாம் தடவை தேறினான். இன்றைக்கு அவன் மாதச் சம்பளம் ஒன்றே முக்கால் லட்சம். அத்தனையும் தெரிந்தும் ஏழு வீட்டுக்காரர்கள் அவனை வேண்டாம் என்றார்கள். பையனுக்கு டிகிரி இல்லையாம். எட்டாவது வீட்டில் தரகர் 'இஞ்சினியர்' என்று சொல்லிவைக்க, நேசபாய் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு எரிச்சலாக வந்தது. இது எதற்கு என்று கேட்டேன். "ரெண்டு எழுத்து கூடப் போட்டா ஒனக்க மிஷினு தேஞ்சா போவும்?" என்றாள். சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. அவள் எழுதியபடியே டைப் அடித்தேன். மாப்பிள்ளை பார்த்துச் சரி சொல்லாமல் நான் எந்த அட்டையையும் அச்சுக்குப் போடுவதில்லை. லீவில் வந்திருந்த ஷாஜனுக்குப் புரூஃபை வாட்ஸப்பில் அனுப்பினேன்.

கால் மணி நேரத்தில் பைக்கில் வந்து நின்றான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப் போயிருந்தது. பெண் ஜாஸ்மி நெய்யூரில் நர்ஸ். இரண்டு மாதமாகத் தினமும் போனில் பேசுகிறார்கள். கம்பெனியில் பைப் வேலை என்றுதான் சொல்லியிருக்கிறானாம். அவள் மேலே கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அவள் போய்விடுவாளோ என்கிற பயம்.

"ஞாயிற்றுக்கிழம மொத ஓலை வாசிப்பு," என்றான்.

மூன்று ஞாயிறு கல்யாண ஓலையைச் சபையில் வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று போதகர் கேட்பது எங்கள் வழக்கம். இதுவரை யாரும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

"போதகர் கேக்கும்போ எனக்கே எழும்பி நிக்கத் தோணும், அக்கா. ஒட்டுக்குள்ள ஒரு பொட்டு காத்து அடைஞ்சிருந்தாலும் எக்ஸ்ரேயில தெரிஞ்சிரும். இத எத்தன நாளு மறைக்க?"

பி.இ.யை எடுத்துவிட்டு, பெயருக்குக் கீழே 'வெல்டர், கத்தார்' என்று போடச் சொன்னான். போட்டேன். இரண்டு புரூஃபையும் ஜாஸ்மிக்கு அனுப்பினான். 'முதலாவது பொய். இரண்டாவதுதான் நான். குழித்துறை அட்டைக் கடையில காத்திருக்கேன், நீங்களே முடிவு சொல்லுங்க.'

அவள் பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு உடனே விழுந்தது. பதில் வரவில்லை. மூன்றரை மணி, நாலு, நாலரை. பால் விடாத கட்டன் சாயா வாங்கிக் கொடுத்தேன். ஆறிப்போய் அப்படியே இருந்தது. நாலு தடவை எக்ஸ்ரே முடிவுக்குக் காத்திருந்தவன், அப்போதுகூட இவ்வளவு நடுங்கவில்லை என்றான். எனக்கும் வேலை ஓடவில்லை. அனுப்ப விட்டிருக்கக் கூடாதோ என்றுகூட நினைத்தேன்.

ஐந்து மணிக்கு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஜாஸ்மி இறங்கினாள், பின்னால் அவள் அப்பா டைட்டஸ். அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஷாஜன் எழுந்து நின்றான். டைட்டஸ் அவனைப் பார்க்காமல் என்னிடம் இரண்டாவது புரூஃபைக் கேட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரி வரியாக விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"கல்யாணம் பதினோரு மணிக்கு. இதுல பத்தரைன்னு கெடக்கு."

தப்பு என்னுடையது. ஆனால் அப்போது வெட்கப்படக்கூடத் தோன்றவில்லை. ஷாஜன் தொண்டையைச் செருமினான். "மாமா, பேருக்குக் கீழ..."

"அதுல தப்பு ஒண்ணும் இல்லியே," என்றார் டைட்டஸ். "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நீ எங்க வீட்டு கேட்டக் குனிஞ்சு பாத்து, ஒட்டு போட்ட எடத்தத் தடவி மூஞ்சியச் சுளிச்ச. இஞ்சினியரு எவன் கேட்டத் தடவுவான்? அன்னைக்கே வீட்டுல சொன்னேன், இவன் கைத்தொழில்காரனாக்கும்னு."

ஷாஜன் ஜாஸ்மியைப் பார்த்தான். அவளுக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

"டிகிரி இல்லாதது எனக்கு ஒரு காரியமே இல்ல. தினம் ஒரு மணி நேரம் பேசுகிய. இன்னைக்குச் சொல்லுவிய, நாளைக்குச் சொல்லுவியன்னு பாத்துட்டே இருந்தேன். இத மறைக்கிற ஆளு, நாளைக்கு எத மறைப்பாரோன்னுதான் பயந்து கெடந்தேன்." குரல் உடைந்தது. "இப்பதான் மூச்சு விடுகேன்."

ஷாஜன் ஆறின சாயாவை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலே தண்ணீரும் வந்தது. மணியைத் திருத்தி அச்சுக்குப் போட்டேன்.

நேசபாயிடம் அட்டையைக் கொடுத்தபோது அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி வீட்டார் என்ன சொன்னார்கள் என்று மெதுவாகக் கேட்டாள். சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனி ராத்திரி தூக்கம் வரும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். யாருக்காவது தடை உண்டா என்று போதகர் வழக்கம்போலக் கேட்டார். நான் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஷாஜன் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.