ஆமை காக்கப் போன அப்பு

கண்டியில் எந்தப் பக்கம் நின்று கல்லெறிந்தாலும் கடலில் விழாது. ஆனாலும் கடலாமைகளைக் காப்பாற்றும் சங்கமொன்றின் அலுவலகம் தொண்ணூற்றாறாம் ஆண்டில் கண்டியில்தான், குளத்துக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. கடலோரத்தில் வெக்கை, நுளம்புக் கடி. கண்டியில் நல்ல காற்று. மூன்று மாதத்துக்கொரு தடவை வெள்ளைக்கார மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து இறங்குவார்கள். ஒரு கிழமை பேராதனைப் பூங்காவைச் சுற்றிப் பார்த்து, ஆமையைப் பற்றிச் சுவரில் படம் பார்த்து, பிறகு வேனில் தெற்குக் கடற்கரைக்குப் போவார்கள். ஐந்து நாள் ஆமைக்குத் தொண்டு செய்துவிட்டு மூக்கில் தோலுரிந்து திரும்பி வருவார்கள். வடக்கே யுத்தம் நடக்கிறதே என்று அவர்களும் கேட்கவில்லை; சங்கமும் சொல்லவில்லை.

அந்தச் சங்கத்தின் சமையற்காரர் கறுப்பையா. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவின் அப்புவாக முப்பது வருஷம் இருந்தவர். பங்களாச் சமையற்காரரைத் தோட்டத்தில் அப்பு என்றுதான் சொல்வார்கள். எட்டுத் துரைமாருக்குச் சூப்பு வைத்தவர். ஒன்பதாவதாக வந்தவர் காலையில் பிஸ்கட்டும் இரவில் மருந்தும் மட்டுமே சாப்பிட்டதால், அப்புவுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பங்களாவில் இருந்தவரைக்கும் கறுப்பையாவிடம் யாரும் அடையாள அட்டை கேட்டதில்லை. அவரிடம் அது இருந்ததுமில்லை. தோட்டத் தொழிலாளரின் லய வீட்டில் பிறந்தார், பதிவில் பிறக்கவில்லை. கண்டிக்கு வந்த பிறகுதான் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதற்கு மனிதன் மட்டும் போதாது என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மனைவி அழகம்மாவைப் பார்க்க ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஏறினால், வழியில் சோதனைச் சாவடியில் இறக்கிவிடுவார்கள். இரண்டு தடவை பொலிசில் வைத்துவிட்டு மறுநாள்தான் விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் ஊருக்குப் போகவே இல்லை. ஏழு மாதம் ஆகிவிட்டது. அழகம்மா முழங்கால் வீங்கிக் கிடக்கிறாள் என்று சேதி மட்டும் வந்தது.

கிராம சேவகர் நல்ல மனுஷன். மற்றதெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகவும், வேலை கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் மட்டும் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அதை வைத்து அட்டைக்கு எழுதிவிடலாம். அந்த ஒரு கடிதத்துக்காகத்தான் கறுப்பையா சங்கத்தின் தலைவர் டாக்டர் விவேகானந்தன் பின்னால் ஒன்றரை வருஷமாக நடந்துகொண்டிருந்தார்.

டாக்டருக்குக் கடிதம் எழுதத் தெரியாமலில்லை. நாளைக்கு இருபது எழுதுவார். வெளிநாட்டில் யாராவது ஒரு ஆமைக் குஞ்சைத் தத்தெடுத்தால், அதற்குப் பெயர், பிறந்த தேதி, பிறந்த கடற்கரை எல்லாம் போட்டு, முத்திரை குத்தி அனுப்புவார். கறுப்பையாவின் முறை வரும்போது மட்டும் பேனா மை வற்றிவிடும். "அடுத்த கிழமை எழுதித் தாறன், கறுப்பையா" என்பார்.

அவரையும் முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில், தமிழர் என்று கொழும்பில் அவர் வீட்டை எரித்தார்கள். அன்றிலிருந்து தெருவில் சிங்களம், வீட்டில் இங்கிலீஷ் என்று வாழ்ந்தார். நாய்க்குட்டியைக்கூட இங்கிலீஷில்தான் அதட்டுவார். தமிழைக் குசினிக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, கறுப்பையாவிடம் மட்டும் பேசுவார். மாணவர்களுக்கு அவர் வெறும் டாக்டர் விவேக். ஒரு தமிழருக்காகக் கையெழுத்துப் போடவும் அவருக்குப் பயம்.

அந்த முறை கடற்கரை முகாமின் சமையற்காரருக்கு அம்மை போட்டுவிட்டது. ஆகவே கறுப்பையாவை வேனில் ஏற்றினார்கள். போகும்போது யாரும் மறிக்கவில்லை. ஐம்பத்து நான்கு வயதில் கறுப்பையா முதல்தடவை கடலைப் பார்த்தார். இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு தேத்தண்ணீர் போட முடியாதே என்றுதான் அவருக்குத் தோன்றியது.

இரண்டாம் நாள் காலை அவர் குசினிப் பின்கதவைத் திறந்தபோது, படியில் ஒரு கூடை இருந்தது. ஈர மணலுக்குள் அறுபது முட்டை. உருண்டையாக, ஓடு தோல்போல மெத்தென்று இருந்தன. பங்களாவில் ஒரு சட்டம் உண்டு. பின்படியில் வந்து இறங்குவது எதுவானாலும் துரை மேசைக்கு. காட்டுக்கோழி வரும், மான்தொடை வரும், ஒருமுறை விலாங்குகூட வந்தது. யார் கொண்டுவந்தார்கள், எதற்கு என்று அப்பு கேட்கக்கூடாது. கேட்கிற அப்பு அடுத்த மாதம் தேயிலைக் கொழுந்து மூட்டை சுமக்கத்தான் போவான்.

கறுப்பையா கேட்கவில்லை. ஏதோ கடல் பறவையின் முட்டை என்று எண்ணி, கெரமல் புடிங் செய்தார். வெள்ளைக்கரு எவ்வளவு சூட்டிலும் உறைய மறுத்தது. அதை வீசிவிட்டு மஞ்சளை மட்டும் எடுத்து, தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து அவித்தார். மத்தியானம் பதினொரு மாணவர்களும் டாக்டரும் பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டார்கள். டாக்டர் இரண்டாம் தடவையும் வாங்கினார்.

சாயந்தரம்தான் டாக்டர் கூடையைத் தேடினார். மீனவரிடம் விலைக்கு வாங்கிய ஆமை முட்டைகள் அவை. மாணவர்கள் தங்கள் கையால் மணலில் புதைப்பதற்காக வைத்திருந்தவை. ஆமையைப் பற்றி உலகத்துக்கெல்லாம் விளக்கம் சொன்ன மனிதர், சமையற்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. குசினிக்குள் வந்து கதவைச் சாத்தி, விஷயத்தைக் கேட்டு, அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

உயிராய்ப் போற்ற வேண்டியதைக் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சாமல் சமைத்துவிட்டோமே என்று கறுப்பையா நிஜமாகவே நொந்தார். காலில் விழப் போனார். டாக்டர் தடுத்தார். இது வெளியே தெரிந்தால் சங்கம் முடிந்தது, ஆமையைக் காக்க வந்தவர்களே ஆமையைத் தின்றார்கள் என்று பேப்பரில் வரும், ஆகவே மூச்சு விடக்கூடாது என்றார். கெஞ்சாத குறை. தன்னிடம் ஒரு துரை கெஞ்சுவதைக் கறுப்பையா முதல்தடவையாகப் பார்த்தார்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்க" என்றார். பிறகு, "அந்தக் கடுதாசி..." என்றார்.

பேனாவில் மை இருந்தது. ஐந்து நிமிஷத்தில் கடிதம் கைக்கு வந்தது. முத்திரையும் உண்டு.

மறுநாள் டாக்டர் மாணவர்களை ஒரு மணல்மேட்டுக்கு அழைத்துப்போய், மழை வரும்போல் இருந்ததால் முட்டைகளைத் தானே புதைத்துவிட்டதாகச் சொன்னார். சுற்றிலும் கம்பி வேலி, இலக்கம் எழுதிய பலகை. அந்த வெறும் மணலை மாணவர்கள் மூன்று நாள் முறை வைத்துக் காத்தார்கள். நாயை விரட்டினார்கள், நண்டை விரட்டினார்கள். எம்மா என்ற பெண், மேட்டுக்கு வெயில் படக்கூடாதென்று தன் குடையை நட்டுவைத்தாள். கறுப்பையா அவளுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார். ஆனால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை அழகம்மாவிடம் போகலாம்.

திரும்பி வரும்போது, கண்டிக்கு ஏறும் மலைப்பாதையில், கடுகண்ணாவை ஏற்றத்துக்குக் கீழே வேனை மறித்தார்கள். முதல்நாள் எங்கேயோ குண்டு வெடித்திருந்தது. மத்தியான வெயிலில் ஒரு அதிகாரி ஏறினார். சாரதி ஜமால்தீன் அட்டையை நீட்டினார். வெள்ளை முகங்களையும், முன் இருக்கையில் கறுப்புக் கண்ணாடியோடு இங்கிலீஷ் பேப்பர் படித்த டாக்டரையும் அதிகாரி பார்த்ததோடு சரி. கடைசி இருக்கையில் கறுப்பையா. அட்டை இல்லை. கடிதத்தைக் கொடுத்து, எழுதியவர் அவர்தான் என்று முன் இருக்கையைக் காட்டினார். இறங்கச் சொன்னார்கள்.

அதிகாரி கடிதத்தோடு டாக்டரின் ஜன்னலுக்கு வந்து, இந்தக் கையெழுத்து உங்களுடையதா என்று சிங்களத்தில் மரியாதையாகவே கேட்டார். ஆமாம் என்றால் அடுத்தது, உங்கள் அட்டையைக் காட்டுங்கள் என்பார். அதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருக்கும். டாக்டர் தாளைப் பார்த்தார். முத்திரை அலுவலகத்துடையதுதான், யார் எடுத்துக் குத்தினார்களோ தெரியாது என்று அழகான சிங்களத்தில் சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார்.

கறுப்பையாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். கோபம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அழகம்மாவிடம் போவது இனி நடக்காது என்று மட்டும் நினைத்தார்.

இரண்டு சிப்பாய்கள் அவரை மணல் மூட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தபோது, எம்மா வேனிலிருந்து இறங்கினாள். என்ன நடக்கிறது என்று ஜமால்தீனிடம் கேட்டுக்கொண்டு, நேரே வந்து கறுப்பையா பக்கத்தில் நின்றாள். இவர் எங்கள் சமையற்காரர், இவர் ஏறாமல் நாங்கள் ஏறமாட்டோம் என்றாள். மற்றப் பத்துப் பேரும் இறங்கிச் சுற்றி நின்றார்கள். மூன்று நாள் வெறும் மணலைக் காத்துப் பழகியவர்கள். சுற்றி நிற்பது நன்றாகவே வந்தது. ஒருவன் கமராவை வெளியில் எடுத்தான். அரை மணித்தியாலம் வெயிலில் நின்றார்கள். டாக்டர் இறங்கவில்லை. வெளிநாட்டுக்காரரோடு மல்லுக்கட்ட அதிகாரிக்கு விருப்பமில்லை. ஆளை விட்டார். கடிதத்தை மட்டும் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

வேன் ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறியது. எம்மா கடைசி இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். கறுப்பையாவின் கவனத்தைத் திருப்ப நினைத்தோ என்னவோ, அன்றைக்குச் சாப்பிட்ட புடிங் மாதிரி ஒன்றைத் தான் பிறந்ததிலிருந்து சாப்பிட்டதில்லை, எப்படிச் செய்வது என்று கேட்டு, எழுதிக்கொள்ளக் கொப்பியைத் திறந்தாள்.

முன் இருக்கையில் பேப்பர் அசையாமல் நின்றது. கறுப்பையா அதைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் நாளைக்கு வேலை இராது, இனிக் கடிதமும் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். இந்தப் பிள்ளை அழுவாள் என்றும் தெரியும். ஆனால் தனக்காக வெயிலில் நின்றவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அறுபது ஆமை முட்டை, மிஸ்ஸி" என்று பங்களா இங்கிலீஷில், வேன் முழுக்கக் கேட்கும்படி தொடங்கினார். மற்றதை அவள் எழுதிக்கொள்ளட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.