கொம்பில் நீல வலை

திருகோணமலை நகரத் தெருக்களில் திரியும் மான்களை இரண்டு குழுக்கள் எண்ணின. காலையில் கோட்டைப் பக்கம் கிண்ணியா பரீதா ரீச்சரின் குழு. மாலையில் பஸ் நிலையப் பக்கம் சிவம் அண்ணரின் குழு. இரண்டு தரவுகளையும் சேர்த்து, ஊரில் மொத்தம் எத்தனை மான் என்று சொல்வது என் வேலை. நானும் அப்படியே கூட்டிவிட்டேன்.

வந்த தொகை எனக்கே மலைப்பாக இருந்தது. மான்கள் பெருகிவிட்டன, பாதியைப் பிடித்துக் காட்டில் விடலாம் என்ற பரிந்துரையோடு இரு குழுக்களும் கூடிய கூட்டத்தில் பேச எழுந்தேன். "இவை இரண்டு தனித்தனி மந்தைகள்" என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, கொம்பில் நீல வலைத்துண்டு சிக்கிய மான் ஒன்று மண்டபத்துக்குள் நுழைந்தது.

"இவர் எங்கட ஆள். காலமை கோட்டை வாசல்ல நிப்பார்," என்றார் ரீச்சர்.

"இல்லை ரீச்சர், எங்கட ஆள். பின்னேரம் பஸ் ஸ்டாண்டில வடை தின்ன வாறவர்," என்றார் சிவம் அண்ணர்.

இருவரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். மான் என் அறிக்கையின் முதல் பக்கத்தை மென்றுகொண்டிருந்தது.

"அவர் தின்னட்டும்," என்றார் ரீச்சர். "அது இனித் தேவைப்படாது."

எண்ணும்போது இரு குழுக்களும் எடுத்த படங்களை அருகருகே வைத்துப் பார்த்தோம். அநேகமாக எல்லா மான்களும் இரண்டிலும் இருந்தன. கூட்டுவதற்கு முன், இரண்டு கணக்கிலும் எவை அகப்படுகின்றன என்று தேடவேண்டும். அதை நான் பரீட்சையில் சரியாக எழுதியவன்.

இப்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த மானைக் கண்டால் ஒதுங்கி வழி விடுவேன். பாதி என்று நான் பிடிக்கச் சொன்னது, அநேகமாக ஊரில் இருந்த அத்தனை மான்களையும்.