கைராசியக்காவின் ஏழாவது கேஸ்

படிப்பில் சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. நாய், பூனைகளுக்கான ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாகக் கூண்டு கழுவிக்கொண்டிருந்தார். ஏட்டில் இருந்தது அந்த வேலைதான். உண்மையில் அவர் நாளெல்லாம் செய்தது, டாக்டரம்மா ஊசி போடும்போதும் தையல் போடும்போதும் பிராணிகளைப் பிடித்துக்கொள்வது. மூன்று பேர் சேர்ந்தாலும் அடங்காத நாய் அவர் கையில் அடங்கிப் படுத்துவிடும். அதனால் வருகிறவர்கள் எல்லாரும் அவரைக் கைராசியக்கா என்றே கூப்பிட்டார்கள். டோக்கன் வாங்கும்போதே, அக்கா இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்களாம்.

எனக்கு அவர் பழக்கமானது போன் வழியாக. பிராணிகளுக்கு நர்ஸ் வேலை பார்க்க ஆட்களைத் தயார் செய்யும் ஒன்றரை வருஷப் படிப்பு ஒன்றை நாங்கள் தொலைதூரத்தில் நடத்துகிறோம். பாடம் போனுக்கு வரும். படித்ததைத் தாங்கள் வேலை செய்யும் இடத்திலேயே செய்து, வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். கடைசிக்குள் தாங்கள் கவனித்த பிராணிகளைப் பற்றி இருபது கேஸ் எழுதித் தர வேண்டும். அந்த வீடியோக்களைப் பார்த்துத் திருத்துவதும் வாரம் ஒருமுறை ஒவ்வொருவரோடும் பேசுவதும் என் வேலை. நானும் பத்து வருஷம் பிராணிகள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள்தான். அவரைவிடப் பதினான்கு வயது சின்னவள். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவரோ என்னை டீச்சர் என்பதைக் கடைசிவரை விடவில்லை.

சேர்த்துவிட்டது டாக்டரம்மா. வீட்டில் சொன்னதும் லிஃப்ட் மெக்கானிக்கான கணவர், தபாலில் நீச்சல் கற்றுத் தருகிற மாதிரி அல்லவா இருக்கிறது என்று சிரித்தாராம். ஆனால் அடுத்த நாளே ஒரு பழைய மேஜையைச் சுரண்டி, வார்னிஷ் அடித்து, ஜன்னலோரம் போட்டுக் கொடுத்தார். ஒன்பதாவது படிக்கும் மகளும் அம்மாவும் அதில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து படித்தார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர் அக்கா. மகள் அவரைத் தாண்டிப் போவதற்குள் தானும் ஏதாவது படித்துவிட வேண்டும் என்று ஒரு வேகம் இருந்தது.

வாரப் பேச்சுக்கு முன்னால் தலை சீவி, பொட்டு வைத்து, புடவை மாற்றிக்கொண்டுதான் போனை எடுப்பார். மகள்தான் இதைப் போட்டுக்கொடுத்தாள். வெறும் குரல்தானே அக்கா, போனில் எனக்குத் தெரியப்போகிறதா என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும்ல டீச்சர்" என்றார்.

கணக்கு அவருக்கு வேப்பங்காய். எட்டு கிலோ நாய்க்கு எத்தனை மில்லி மருந்து என்று கேட்டால் முதலில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும். ஒருமுறை பூஜ்யம் புள்ளி எட்டு என்று வர வேண்டிய இடத்தில் எட்டு என்று எழுதி அனுப்பினார். புள்ளி ஒன்று விட்டுப்போனால் நாயே போய்விடும் என்று நான் சொன்னதை, மகள் பெரிய எழுத்தில் எழுதி ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாளாம்.

ஆறாவது பாடம் கட்டுப் போடுவது. காலில் அடிபட்ட பிராணிக்குப் பஞ்சு வைத்து எப்படிச் சுற்றுவது, எத்தனை இறுக்கம், எப்போது அவிழ்த்துப் பார்ப்பது என்பதெல்லாம் அதில் வரும். வீட்டில் பழகுவதற்குக் கணவரே நாயானார். கட்டுப் போட்டு அரை மணி நேரம் விட்டு, மரத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். முழங்காலிலிருந்து பாதம்வரை கட்டோடு அவர் சோபாவில் காலை நீட்டியிருந்தபோது எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஆறு ஆப்பிளோடு திரும்பி வந்தார். உண்மையைச் சொன்னால் ஆப்பிள் போய்விடும் என்று கணவர் கொஞ்சம் முனகியும் காட்டினாராம். இதைச் சொல்லும்போது அக்கா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு நாய்க்குக் கட்டுப் போட்டு அனுப்பிய வீடியோவை நான் திருப்பி அனுப்பினேன். சுற்று அழகாக இருந்தது. ஆனால் பாதத்தை முழுக்க மூடியிருந்தார். நடுவிரல் இரண்டும் வெளியே தெரிய வேண்டும், ஏன் என்பது பாடத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, படித்துவிட்டு மறுபடி அனுப்புங்கள் என்றேன்.

அதன் பிறகு சத்தமே இல்லை. வீடியோ வரவில்லை. வாரப் பேச்சு நாளில் போன் போட்டால் மகள் எடுத்து, அம்மா குளிக்கிறாங்க என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். ஒரு வாரமாகவா குளிக்கிறார்கள் என்று கேட்டேன். லேசாகச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டால் தலைவலி என்கிறார், புத்தகத்தைப் பீரோவுக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டார் என்றாள்.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். ஆஸ்பத்திரி மூடியிருக்கும் மத்தியான நேரம். பின்பக்கம் கூண்டுகள் காயும் இடத்தில் நின்று பேசினார்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு செம்பட்டைப் பூனை ஸ்கூட்டரில் அடிபட்டு வந்திருக்கிறது. ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவரின் பூனை. மனைவி போன பிறகு அவருக்கு வீட்டில் வேறு துணை கிடையாது. பின்னங்காலில் பாதத்துக்கு மேலே காயம். டாக்டரம்மா தையல் போட்டு முடிப்பதற்குள் ஒரு நாயை அவசரமாகத் தூக்கி வந்துவிட்டார்கள். கட்டை நீயே போட்டுவிடு என்று சொல்லிவிட்டு அவர் அங்கே போய்விட்டார். இரண்டு முறை கட்டு நழுவியது. மூன்றாவது முறை அக்கா விரல்களையும் சேர்த்து மூடி, நழுவாதபடி இறுக்கிச் சுற்றினார். அது ஒரு சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை பூனை திரும்பி வந்தபோது பாதம் சில்லிட்டு, நாற்றம் அடித்தது. காலை எடுக்க வேண்டியதாயிற்று. விபத்திலேயே ரத்தக்குழாய் அறுந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். அக்காவும் நம்பினார்.

"கடைசிப் பக்கத்துல போட்டிருக்கே டீச்சர். கட்டு இறுகினா விரல் வீங்கும், சில்லிடும், நாற்றம் வரும், மூடியிருந்தா தெரியாதுன்னு. அப்படியே வரிக்கு வரி இருக்கு. அன்னைக்கு அந்த கிளார்க்குக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. இந்தக் கையை."

விபத்தாகவும் இருக்கலாம், இத்தனை நாள் கழித்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். அது பொய்யில்லை.

"இருக்கலாம். ஆனா விரலை மூடினது நான்தானே" என்றார்.

டாக்டரம்மாவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். முதலில் அவரிடம் சொல்லுங்கள் என்பதைத் தவிர வேறு யோசனை எனக்கு வரவில்லை.

சொன்னார். டாக்டரம்மா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாராம். பிறகு, அந்தக் கட்டை அவிழ்த்தபோதே தனக்குச் சந்தேகம் வந்ததாகவும், வாயைத் திறக்கவில்லை என்றும் ஒத்துக்கொண்டார். கட்டைப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பியது தன் தப்பு, ஒன்றும் கற்றுக்கொடுக்காமல் அக்காவிடம் விட்டதும் தன் தப்பு என்றார். கிளார்க்கைப் பார்த்துச் சொல்லப்போகிறேன் என்று அக்கா சொன்னபோது டாக்டரம்மாவின் முகம் கொஞ்சம் மாறியது. ஆஸ்பத்திரிப் பெயர் என்ன ஆகும் என்று நினைத்திருப்பார், அதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து அக்கா வீட்டு வாசலில் ஹார்ன் அடித்தார்.

கிளார்க்கின் வீடு முதல் மாடியில். பூனை வாஷிங் மெஷின் மேல் விரித்திருந்த துண்டில் படுத்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் மூன்று காலால் குதித்து இறங்கி வந்து அக்காவின் காலை முகர்ந்தது. அக்கா உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். பாதியில் டாக்டரம்மா தன் பங்கைச் சொன்னார். கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"அந்த ஞாயித்துக்கிழமை பூரா அது கட்டைக் கடிச்சுக்கிட்டே இருந்துச்சு" என்றார் கடைசியில். "கடிக்காதேன்னு அதட்டினேன். ஒரு தடவை அடிச்சுக்கூட விட்டேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அவுத்திருப்பேனேம்மா."

இன்றைக்கு நீங்கள் கிளம்புங்கள் என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. கதவுவரை வந்து, அவர்கள் படி இறங்கும்வரை நின்றுவிட்டு மூடினார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அக்கா வேலைக்குப் போய்வந்தாரே தவிர, நாய்களைப் பிடிக்கக் கூப்பிட்டால் தயங்கினார். படிப்பை விட்டுவிடட்டுமா என்று என்னிடம் கேட்டார். நான் தைரியம் சொல்லப் பார்த்தேன், எடுபடவில்லை. கணவர்தான் ஒருநாள் பீரோ மேலிருந்து புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி மேஜையில் வைத்தார். லிஃப்டில் ஒரு கோளாறு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்ட ஆளையே வேலையைவிட்டு அனுப்பிவிட்டால், அடுத்த லிஃப்டை யார் பார்ப்பது என்று மட்டும் கேட்டாராம். அப்போதும் அக்கா புத்தகத்தைத் திறக்கவில்லை. ஆனால் திரும்ப மேலே தூக்கியும் போடவில்லை.

நான்காவது வாரம் கிளார்க் கூடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பூனைக்குத் தடுப்பூசி போடும் நாள். பிடிப்பதற்கு வேறொரு பெண் வந்து நின்றாள். கிளார்க் தலையை ஆட்டினார்.

"அந்தம்மாவே பிடிக்கட்டும்" என்றார்.

அக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். பூனையின் கழுத்துக்குப் பின்னால் ஒரு கையும் மார்புக்குக் கீழே ஒரு கையும் கொடுத்துப் பிடித்தார். ஊசி போட்டு முடிந்தது. கிளார்க் பூனையைக் கூடைக்குள் விட்டு மூடினார். கூடையை எடுத்துக்கொண்டு போகும்போது, வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே எனக்கு அவருடைய ஏழாவது கேஸ் வந்தது. மற்றவர்கள் எல்லாரும் குணமான பிராணிகளைப் பற்றித்தான் எழுதுவார்கள். இவர் செம்பட்டைப் பூனையை எழுதியிருந்தார். தேதி, காயம், எத்தனை சுற்று, எங்கே இறுக்கினார் என்பதெல்லாம் நாலு பக்கத்தில் இருந்தன. 'என்ன செய்திருக்க வேண்டும்' என்ற தலைப்பின் கீழே விரல், சூடு, வீக்கம் எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தார்: "வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்ப வேண்டும். பூனை கட்டைக் கடித்தால் அது குறும்பு இல்லை. அதட்டாதீர்கள், எங்களுக்குப் போன் செய்யுங்கள்."

எங்கள் பாடத்தில் அந்த வரி இல்லை. நான் பத்து வருஷம் கட்டுப் போட்டவள். எத்தனையோ பேரிடம், கடிக்க விடாதீர்கள், வாய் எட்டாதபடி கழுத்துக்குப் பிளாஸ்டிக் கூம்பு மாட்டுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஏன் கடிக்கிறது என்று பாருங்கள் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

பேர் போடாமல் அதைப் பாடத்தில் சேர்க்கலாமா என்று அவரிடம் கேட்டேன். கிளார்க்கிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். கிளார்க் சம்மதித்தார், பூனையின் நிறத்தை மட்டும் மாற்ற வேண்டாம் என்றாராம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்தக் கடைசி வரிகளைத் துண்டுச் சீட்டாக அச்சடித்து, கட்டோடு போகும் ஒவ்வொரு பிராணிக்கும் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். மறுநாள் காலையில் அந்த வீடுகளுக்குப் போன் செய்து விசாரிப்பதும் அக்காவின் வேலையாயிற்று.

கடைசித் தேர்வுக்கு அவர் எங்கள் ஊருக்கு வந்தபோதுதான் நேரில் பார்த்தேன். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். கணவர் தண்ணீர் பாட்டிலோடு வெளியே பெஞ்சில் காத்திருந்தார். செய்முறையில் அக்கா நன்றாகச் செய்தார். மருந்துக் கணக்கில் இரண்டு மார்க்கில் கோட்டைவிட்டார். என்னால் எதுவும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதி, பத்து மார்க் கூடுதலாகவே வாங்கினார். அதே மாதம் மகளும் பத்தாவது பாஸ் செய்தாள். வீட்டில் யாருடைய தாளை முதலில் சுவரில் ஒட்டுவது என்று ஒரு வழக்கே நடந்ததாம்.

இப்போது அவர் கூண்டு கழுவுவதில்லை. ஆபரேஷன் நடக்கும்போது மயக்கத்தில் இருக்கும் பிராணியின் மூச்சையும் ஈறின் நிறத்தையும் பார்த்துக்கொண்டு டாக்டரம்மாவுக்கு எதிரே நிற்கிறார். எனக்கு மாதம் ஒருமுறையாவது போன் செய்வார். போன மாதம், பிழைக்க வழியில்லாத ஒரு கிழட்டு நாயை ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்கவைத்த அன்று கூப்பிட்டார். நாயை வளர்த்தவர் வாட்டசாட்டமான ஆள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று தேம்பியிருக்கிறார். பதினோராவது பாடத்தில் வீட்டுக்காரரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள், ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்றார்.

"என்ன அக்கா?"

"முதல்ல ஒரு நாற்காலி போடணும்னு எழுதுங்க டீச்சர். நின்னுக்கிட்டு எப்படி அழறது?"

எழுதிவிட்டேன். இந்த வருஷம் சேர்ந்தவர்களுக்கு அந்த வரியோடுதான் பாடம் போகிறது.