பவுலின் திருத்திய படங்கள்

1977 செப்டம்பர் ஒன்பதாம் திகதி, வெள்ளிக்கிழமை, அமிர்தநாதன் மாஸ்டர் ஹட்டன் ஸ்டேஷனில் கொழும்பு ரயில் ஏறினார். தமிழருக்கெதிரான ஆகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு அவரை மலைநாட்டில் விட்டுவைக்க மன்னாரிலிருந்த வீட்டாருக்கு மனமில்லை. பள்ளிக்கூடத்தில் விலங்கியலுக்கு வேறு ஆளில்லை. வழியனுப்ப வந்த பவுலினிடம் ஜன்னல் வழியாகத் தன் குறிப்புக் கொப்பியை நீட்டினார்.

"பாதிதான் படிப்பிச்சிருக்கிறன், பிள்ளை. மிச்சத்த நீரே பாத்துக்கொள்ளும்."

பவுலின், திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மத்தியாஸின் மகள். டாக்டர் படிப்புக்கு நான்கு பாடங்கள் வேண்டும். மற்ற மூன்றையும் வகுப்பில் படித்தாள். விலங்கியலில் சறுக்கினால் அந்த மூன்றும் வீண்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையில், அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்து கொப்பியைக் கரைத்துக் குடித்தாள். இதயப் படத்தில் ஒன்று உறுத்தியது. மாஸ்டர் வலப்பக்கத்து அறைக்கு 'இடது' என்று பெயர் எழுதியிருந்தார். நுரையீரல், சிறுநீரகம், எல்லாமே அப்படித்தான். அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டார் என்று முடிவுகட்டி, ஏழு படங்களையும் சிவப்பு மையால் திருத்தி, அப்படியே மனப்பாடமும் செய்துவிட்டாள்.

பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கையில் அந்த வருஷத்துக் கவ்வாத்து தொடங்கியது. கத்தி செடியில் படுமுன் கவ்வாத்துச் சாமிக்கு ஆடு வெட்டுவார்கள். தலையை வெட்டும் மாயாண்டியின் முன்னால் பவுலின் கிண்ணத்தோடு போய் நின்றாள்.

"இருதயம் மட்டும் வேணும்ணே."

"வேதக்கார வீட்டுப் புள்ளைக்குச் சாமிக் கறி கேக்குதா? ஒங்கப்பன் பாவசங்கீர்த்தனம் பண்ணியே எளைச்சுப் போவாரு!"

"திங்க இல்லண்ணே, பாக்க."

"வெட்டுனவனுக்குத்தான் ஈரலும் இருதயமும். இது நேத்து வந்த மொறையா?"

"பாத்துட்டுத் திருப்பித் தந்துர்றேன். ஒரு துண்டு கொறையாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாயாண்டியும் சிரித்துக்கொண்டே கிண்ணத்தில் போட்டார்.

தண்ணீர் கொட்டும் பீலிக்கருகில், அடுத்த வீட்டு மீனம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்திருக்க, பவுலின் இதயத்தைக் கல்லின் மேல் படத்தில் உள்ளபடி நிறுத்தி பிளேடால் கீறினாள். உடம்பு முழுவதற்கும் இரத்தம் தள்ளுவது இடது அறை. அதன் சுவர்தான் தடிப்பு. ஆனால் தடித்த சுவர் அவளுடைய வலக்கைப் பக்கம் இருந்தது. கல்லைப் பார்த்தாள், கொப்பியைப் பார்த்தாள்.

"இந்த ஆடு மாறிப் பொறந்திருக்குடி!"

"அடி லூசு," என்றாள் மீனம்மா. "நீயும் நானும் எதுத்தாப்புல நின்னா, ஒன் சோத்துக்கைப் பக்கம் எனக்கு எந்தக் கை? ஆடு என்னா ஒனக்கு முதுகக் காட்டிக்கிட்டா நிக்கிது?"

பவுலினுக்குக் காது சூடேறியது. மாஸ்டர் ஏழு படமும் சரியாகத்தான் போட்டிருந்தார். சிவப்பு மையை அழிக்க முடியாது. ஏழு படங்களையும் புதிதாக வரைந்தாள். மனப்பாடமானதை மறப்பதுதான் பெரும்பாடு. தண்ணீர்க் குடம் தூக்கும்போதெல்லாம் எதிரில் வருகிறவர்களின் இடப்பக்கத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். இதயம் மாயாண்டியிடம் நான்கு துண்டாகத் திரும்பியது. "நறுக்குற வேல மிச்சம்," என்றார் அவர்.

பரீட்சைத் தாளில் இதயம் வரவில்லை, சிறுநீரகம் வந்தது. இடது வலது மாறாமல் வரைந்தாள்.

நான்கு பாடங்களிலும் சித்தியடைந்தாள். ஆனால் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்குமா என்று சொல்வாரில்லை. பவுலின் கொழுந்துக் கூடையை மாட்டினாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

1979 ஒக்டோபரில் ஒரு காலை, பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்துக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை பொன்னையா, ஒரு நீளக் கவரை உயர்த்தி அவள் பெயரைக் கூப்பிட்டார். பிரிக்க அவளுக்குக் கை வரவில்லை. அவரே பிரித்து, எல்லோருக்கும் கேட்க வாசித்தார்:

"பேராதனை மருத்துவ பீடத்துக்குத் தெரிவுசெய்யப்பட்டுள்ளீர். நவம்பர் ஐந்தாம் திகதி சமுகமளிக்கவும்."

தாளை மடித்து அவளிடம் கொடுத்தார். "அப்ப, இன்னைக்கி கொழுந்து பறிக்க மலைக்குப் போறியாம்மா, இல்லையா?"

"போறேங்கய்யா. இன்னும் பதினெட்டு நாள் இருக்குல்ல."