வாந்தி வராத கடல்

பள்ளிக்கூடங்களுக்கு மெய்நிகர் (VR) கண்ணாடி விற்பது என்பது, உலகம் முழுவதையும் ஒரு பெட்டிக்குள் அடைத்து மலையேற்றிய பிறகு, சார்ஜரைக் கீழே ஈப்போ நகரிலேயே மறந்துவிட்டதைக் கண்டுபிடிக்கும் தொழில். பெட்டி தூக்கிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? ஆனால் கம்போங் ராஜா பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு இரண்டு வகைக் கண்ணாடிகளோடு போன அந்த வாரத்தை மட்டும் நான் தொழில் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரே நிபந்தனை

முதல் வகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் தலையைத் திருப்பலாம். எழுந்து நடந்தால் படம் நம்மோடு நகராது. இரண்டாவதில் நாம் ஓரடி வைத்தால் காட்சியும் ஓரடி நகரும். இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் விளக்க, தலைமையாசிரியை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். திரை, பேட்டரி, உத்தரவாதம் எதிலும் அவருக்கு அக்கறை இல்லை.

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கனிமொழி என்றொரு பெண்ணாம். வண்டி ஏறினாலே வாந்தி. ஆண்டுதோறும் பள்ளி பஸ் லுமுட் கடற்கரைக்குப் போகும். மலைப்பாதையின் முதல் சில வளைவுகளிலேயே அவளையும் அவள் அம்மாவையும் இறக்கிவிட வேண்டியிருக்கும். அவள் மலையை விட்டு இறங்கியதே இல்லை. தலைமையாசிரியை முடிவாகச் சொன்னார்: "படம் எப்படி வேணாலும் இருக்கட்டும் தம்பி. எங்க கனி வாந்தி எடுக்காத கண்ணாடி எதுவோ, அதத்தான் வாங்குவோம்."

வெள்ளிக்கிழமைப் பாலைவனம்

நான் வகுப்பெடுத்த முதல் நாள் வெள்ளிக்கிழமை. பிள்ளைகள் நெற்றி நிறையத் திருநீறு. கண்ணாடியின் பஞ்சு அந்த நெற்றியில்தான் அழுந்தும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பாலைவனத்தைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டேன். "மணலு, ஒட்டகம், கொஞ்சம் பனி" என்றாள் முதல் பிள்ளை. கை மாற மாறப் பனி கூடிக்கொண்டே போய், கடைசியில் ஒட்டகமே காணாமல் போனது. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை.

கழற்றிப் பார்த்தால் லென்ஸ் முழுக்க விபூதி! பஞ்சை எடுத்துவிட்டுத் துடைக்கக்கூடிய தோலுறையை மாட்டியபடி, ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். முன்வரிசைப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்: "காலையில பனி இருக்கும்தானே அங்கிள், எந்த ஊரா இருந்தா என்ன லா?"

முதுகு காட்டாத தலைவர்

பெற்றோர் சங்கத் தலைவர் கோலா தெர்லாவில் காய்கறி லோரி வைத்திருப்பவர். இந்தக் கண்ணாடியே வேண்டாம், பிள்ளைகளுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் என்பது அவர் கட்சி. சேற்று பூட்ஸோடு வந்து நின்றவருக்கு இரண்டாம் வகையை மாட்டி, ஒரு கோயிலுக்குள் விட்டேன். உடனே குனிந்து பூட்ஸைக் கழற்றினார். மெல்ல நடந்தார். கருவறை தெரிந்ததும் கைகளைக் குவித்தார். கண்ணாடியோடு நான் கொடுத்திருந்த கைப்பிடிகள் இரண்டும் மணியடித்ததுபோல் மோதிக்கொண்டன.

கும்பிட்டு முடித்தவர், திரும்பாமல் அப்படியே பின்னால் நடக்க ஆரம்பித்தார். "திரும்புங்க சார், திரும்புங்க!" என்று நான் கத்தக் கத்த, நாற்காலி அடுக்கில் மோதி அதோடு சேர்ந்து சரிந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கொண்டுபோன வெறும் படத்தை அந்த மனிதர் சாமியாக்கிவிட்டார். தூக்கிவிட்டபோது முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார்: "சாமிக்கு எப்படி சார் முதுகக் காட்டுறது?"

பிளாஸ்டிக் பை

கடைசி நாள் கனிமொழி வந்தாள், கூடவே மடித்த பிளாஸ்டிக் பையோடு அவள் அம்மா. முதல் வகையை மாட்டிக் கடலைக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் வெளுத்தது. அம்மா அவசரமாகப் பையை விரித்தார். தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னொன்றும் இப்படியானால் அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது என்று பயந்தேன்.

தண்ணீர் குடித்து, முகம் கழுவி, அவளாகவே கேட்ட பிறகுதான் இரண்டாவதை மாட்டினேன். எழுந்து நின்றாள். சீருடைப் பாவாடையை இரண்டு கையாலும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, சிமெண்டுத் தரையில் ஓரடி வைத்தாள். பிறகு இன்னோரடி. மீன்கூட்டம் வந்தபோது ஒதுங்கி வழிவிட்டாள். இதே கடலை எத்தனையோ பள்ளிகளில் காட்டியிருக்கிறேன். நனைந்துவிடும் என்று பாவாடையைத் தூக்கிய பிள்ளையை அன்றுதான் பார்த்தேன்.

வெகுநேரம் கழித்துத்தான் கழற்றினாள். முகம் தெளிவாக இருந்தது. விரித்த பையோடு பக்கத்திலேயே நின்ற அம்மா, "தல சுத்துதாடி?" என்றார். மகளுக்காக ஒவ்வொரு முறையும் பஸ்ஸை விட்டு இறங்கிய அவரும் கடலைப் பார்த்ததில்லை. கனிமொழி கண்ணாடியை அம்மா கையில் கொடுத்துவிட்டு, பையை வாங்கிக்கொண்டாள்: "நீங்களும் போய்ப் பாத்துட்டு வாங்கம்மா, பைய நான் புடிச்சிக்கிறேன்."

அந்தக் கண்ணாடியையே பள்ளி வாங்கியது. என்ன செய்வது, இந்தத் தொழிலில் எதை விற்கிறோம் என்பது விற்று முடித்த பிறகுதான் விற்றவனுக்குத் தெரிகிறது.