பைபாஸைப் பார்த்த சரசாவின் முகம்

கட்டட வேலைக்கு நான் கட்டிய சாரம் சரிந்ததாக இந்த வட்டாரத்தில் எவனும் சொல்ல முடியாது. மூன்றாம் வகுப்போடு நின்ற இந்த ஏகாம்பரம் இன்று இருபது பேருக்கு முதலாளி. வானகரம் பைபாஸ் ஓரத்துப் பல்கலைக்கழகத்தில், ‘எல்லோரும் நம்மவர்’ என்று ஐந்து மாடிச் சுவரில் பலவகை மனிதர்களின் முகங்களை வரைந்தார்கள். அதற்கும் சாரம் நான்தான். அதில் ஒரு முகம் அங்கே பெருக்கும் சரசாவுடையது.

சாரத்தை மேலிருந்துதான் பிரிப்போம். மறைத்திருந்த பச்சைத் துணியை அவிழ்த்ததும் அவள் நெற்றியும் கண்களும் வெளியே வந்தன. கீழே சரசா அலறினாள்.

“அண்ணாத்தே, மூடு! லைப்ரரில சின்னதா மாட்டுவாங்கன்னு நெனச்சுதான் போட்டோ எடுக்க நின்னேன். என்னை அடிச்சே கொல்லப் பாத்த புருசன வுட்டு ஓடியாந்தவ நான். அவன் லாரி இந்த ரோட்லதான் போவுது!”

நானே ஏறித் துணியை மறுபடி கட்டினேன்; முடிக்க அரை மணி நேரம் ஆனது. காரணம் கேட்ட அதிகாரியிடம், “கயிறு நைஞ்சு கீது சார், இப்ப பிரிச்சா ஆள் வுழும். ரெண்டு நாள் ஆவும்,” என்றேன். சாரத்தில் என் பேச்சை யார் மறுப்பது? ஓவியம் வரையும் கனிமொழியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் அந்த இரண்டு நாளில் முகத்தை அழித்து, துடைப்பம் பிடித்த கைகளை வரைந்தாள்.

ஆனாலும் அந்தக் கண்கள் அரை மணி நேரம் சாலையைப் பார்த்திருந்தன. அதற்குள் எத்தனை லாரி போனதோ! இப்போது தினமும் பஸ் நிறுத்தம் வரை சரசாவோடு நடக்கிறேன். ஏதாவது லாரி வேகம் குறைத்தால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “அவனா பாரு அண்ணாத்தே,” என்கிறாள். அவன் முகம் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு டிரைவரையும் முறைத்துப் பார்க்கிறேன்.